பிலடெல்பியாவுக்குப் போக வேண்டிய பெட்டி

க்ளியோபஸ் வின்ஃப்ரீ அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் முப்பது வருஷமாகத் தபால்காரர். ஆண்டு முழுவதும் ஊராருடைய பார்சல்களைச் சுமப்பார். ஜூன் மாதத்தில் கறுப்பின மக்கள் அடிமைத்தளை அறுந்ததைக் கொண்டாடும் விடுதலை நாள் விழா வந்தால், ஒரு மத்தியானம் மட்டும் அவரே பார்சலாகிவிடுவார்.

அந்த விழாவுக்காக, கறுப்பின மக்கள் வாழும் ஜாக்சன் வார்டில் இரண்டாவது தெருவை முழுக்க அடைத்துவிடுவார்கள். முரசுக்காரர்கள் ஒரு பக்கம், ஓவியர்கள் ஒரு பக்கம், தாங்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளைக் கொடியில் விரித்துப்போட்டுப் பெருமை பேசும் பெண்கள் ஒரு பக்கம். மத்தியானம் ஆனதும் எல்லாரும் மேடைக்கு முன்னால் கூடிவிடுவார்கள். ஹென்றி பிரவுன் நாடகம் இல்லாமல் அங்கே விழாவே கிடையாது.

அடிமை வியாபாரம் நடந்த அந்தக் காலத்தில் இதே ஊரில் புகையிலை ஆலையில் அடிமையாகக் கிடந்தவர் பிரவுன். அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் விற்று, வேறு மாநிலத்துக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ஒரு மரப்பெட்டிக்குள் முடங்கி உட்கார்ந்து, மூடியை ஆணியடிக்கச் சொல்லி, தன்னையே சரக்காக, அடிமைத்தனம் இல்லாத பிலடெல்பியாவுக்கு அனுப்பிக்கொண்டார். ஒரு நாளுக்கு மேல் பயணம். வழியில் தலைகீழாகவும் கிடந்தார். வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் எழுந்து நின்று நலம் விசாரித்துவிட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் பாடினார்.

தபால்காரனைவிட இந்த வேஷத்துக்குப் பொருத்தமான ஆள் யார் என்று சர்ச்சில் ஒருநாள் யாரோ விளையாட்டாகச் சொல்லப்போக, வேஷம் வின்ஃப்ரீயிடம் வந்து ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவர் ஒல்லி. பிறகு எர்னெஸ்டினைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் வறுக்கும் கெளுத்தி மீனுக்குச் சர்ச்சே வரிசையில் நிற்கும். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பெட்டி பிரவுனுடைய பெட்டியின் அளவுக்கே செய்தது, அது வளரவில்லை.

ஒரு வருஷம் விழாவன்று காலையில் அவள் மீனுக்குச் சோளமாவு பிசிறிக்கொண்டே ஆரம்பித்தாள். கேலி பண்ணினாலும் கோபப்பட்டாலும் அவளுக்கு அவர் 'மிஸ்டர் வின்ஃப்ரீ'தான்.

"மிஸ்டர் வின்ஃப்ரீ, நீ பெட்டிக்குள்ள போறியா, இல்ல பெட்டிய சட்ட மாதிரி மாட்டிக்கிறியா?"

"மூச்ச இழுத்துப் பிடிச்சா உள்ள போயிருவேன்."

"போயிருவ. ரெண்டாவது நிமிஷமே லெமனேடு கொண்டான்னு கத்துவ. பாக்கத்தானே போறேன்."

"நீ எங்க பாக்கப் போற? ஒரு வருஷமாச்சும் வந்து பாத்திருக்கியா?"

எர்னெஸ்டின் மாவுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மீனைப் புரட்டிப் புரட்டிப் போட்டாள். எதற்கும் பதில் வைத்திருப்பவள் இந்தக் கேள்விக்கு மட்டும் வருஷா வருஷம் ஊமையாகிவிடுவாள். விழாவில் போடும் மீன் கடையை விட்டு வர முடியாது என்பதால்தான் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் நாடகத்தை நடத்தியவள் டெல்ஃபின். புதியவள், எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவள். பெரிய மேடையில் நிஜ ஆணியாக அடித்து, பெட்டியைத் தள்ளுவண்டியில் தெரு வழியாகக் கொண்டுபோய், மறுகோடியில் உள்ள சின்ன மேடையில் திறப்பது என்று ஏற்பாடு. அதுதான் பிலடெல்பியா. கூட்டமும் கூடவே நடக்கும்.

"பிரதர் வின்ஃப்ரீ, இந்தத் தடவ பயணம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்" என்று ஒத்திகையில் சொல்லியிருந்தாள்.

ஆணி அடித்தார்கள். கூட்டம் கைதட்டியது. பெட்டி மேடைக்குப் பின்னால் இறங்கியது. அந்த நேரம் பார்த்து முரசு ஊர்வலம் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. வண்டி தள்ள வேண்டியவர்கள் வேடிக்கை பார்க்க முன்பக்கம் ஓடிவிட்டார்கள். மேடைக்குப் பின்னால்தான் சர்ச் லாரியும் நின்றது. எர்னெஸ்டின் கடைக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள் ஓட்டிஸும் அவன் மச்சான் ரூஃபஸும்.

இருட்டுக்குள் வின்ஃப்ரீக்குக் குரல்கள் கேட்டன.

"யப்பா! இது கெழங்கா, கருங்கல்லா?"

"சிஸ்டர் கேட்டா கொண்டுபோய்க் குடுக்கணும், கேள்வி கேக்கக் கூடாது. தூக்குடா ஓட்டிஸ்."

"பிலடெல்பியான்னு எழுதியிருக்கே, மச்சான்?"

"கெழங்கு எந்த ஊர்ல வெளஞ்சா உனக்கென்ன? திங்கத்தானே போற?"

டெல்ஃபின் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டார் வின்ஃப்ரீ. மடையர்களைப் போலப் பேசக்கூட ஆள் பிடித்திருக்கிறாள்! அடுத்த நொடி பெட்டி புரண்டது. அவர் தலை கீழே போனது, கால் மேலே போனது.

கத்தலாமா என்று வாயைத் திறந்தார். காலையில் எர்னெஸ்டின் சொன்ன லெமனேடு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

லாரி குலுங்கியது. முழங்கால் மோவாயில் இடித்தது. ரத்தம் முகத்தில் வந்து முட்டியது. மூச்சுத் துளை எங்கே என்று மூக்கால் தேடிக் கண்டுபிடித்தார். இத்தனை வருஷமும் பெட்டிக்குள் உட்கார்ந்தால் வெளியே வரும் கணத்தையும் கைதட்டலையும் பற்றித்தான் நினைப்பார். இப்போது அது மனசில் வரவே இல்லை. காலையில் எர்னெஸ்டின் மீனைப் புரட்டிக்கொண்டு நின்ற நிற்புதான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் போலிருந்தது. அந்தப் பிரவுன் ஒரு நாள் முழுக்க இருட்டில் யாரை நினைத்துக்கொண்டு கிடந்திருப்பார் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

லாரி நின்றது. பெட்டியை இறக்கினார்கள்.

"இன்னொரு பெட்டி எதுக்கு? நான் கேட்டது எல்லாம் வந்துருச்சே" என்று பலகைக்கு அப்பால் மங்கலாக ஒரு பெண் குரல். "அடப் பாவிகளா, 'இந்தப் பக்கம் மேலே'ன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு, தலகீழா வெச்சிருக்கீங்க? திருப்புங்கடா!"

திருப்பினார்கள். கடப்பாரை நெம்பும் சத்தம். மூடி கிரீச்சிட்டுக் கழன்றது. வின்ஃப்ரீ கண்ணை மூடியபடியே, வேஷத்துக்குத் தகுந்த கம்பீரத்தோடு எழுந்தார்.

"ஐயாமார்களே, எல்லாரும் சௌக்கியமா?"

பளாரென்று ஒன்று கன்னத்தில் விழுந்தது. மாவு பூசிய முழுக் கெளுத்தி.

கண்ணைத் திறந்தார். பேயைக் கண்டவள் போல, கையில் மீனோடு எர்னெஸ்டின் நின்றாள். பின்னால் தட்டேந்தி நின்ற வரிசை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"எர்னி!" என்றார் அவர். "பிலடெல்பியால நீ எங்க வந்த?"

எர்னெஸ்டின் முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய் அழுகையாகிவிட்டது. மரத்துப்போன அவர் கால்கள் மடங்கின. மாவுக் கையாலேயே அவரை இழுத்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"க்ளியோ, உன்னைய உள்ள வெச்சு ஆணி அடிச்சது யாரு? சொல்லு, அந்த ஆள இந்த எண்ணெயிலயே போட்டு..."

"நாடகம் எர்னி, நாடகம்."

"நாடகமாம்! ஏன் வரலன்னு கேட்டியே? அந்த ஆளு பெட்டில ஏறினதே பொண்டாட்டிய வித்துட்டாங்கன்னுதான். பெட்டி போய்ச் சேந்துருச்சு, எல்லாரும் கைதட்டுறீங்க. அவ எங்க? அவளுக்கு ஒரு வரி இருக்கா உங்க நாடகத்துல? அதப் பாத்துட்டு நான் எப்பிடி உக்காந்திருப்பேன்?"

வின்ஃப்ரீ அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பாட வேண்டிய சங்கீதத்தின் முதல் வரிகூட மறந்துபோயிற்று. அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக்கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டிச் சேர்ந்து பாடினார்கள். ஓட்டிஸ் குற்ற உணர்ச்சியில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினான்.

சின்ன மேடைக்கு முன்னால், பெட்டியைக் காணாமல் திகைத்து நின்ற கூட்டத்துக்குப் பாட்டுக் கேட்டது. மொத்தமாக மீன் கடைக்குத் திரண்டு வந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டெல்ஃபின் முன்னால் ஓடிவந்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஒரு மீனுதான் வீணாப் போச்சு" என்றாள் எர்னெஸ்டின். "ஆனா உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும், வா இப்பிடி."

இரண்டு பேரும் கிழங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். முதலில் எர்னெஸ்டின் கை நீட்டி நீட்டிப் பேசினாள். பிறகு டெல்ஃபின் தலையாட்டினாள். பிறகு டெல்ஃபின் மீன் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் நாடகத்தில் மனைவிக்கு ஒரு காட்சி வந்தது. விற்கப்பட்டுப் போகும் வழியில் அவள் நின்று, புருஷனைப் பார்த்துப் பேசுகிற காட்சி. அதை நடிக்க எர்னெஸ்டினைத் தவிர வேறு யாரையும் டெல்ஃபின் கேட்கவில்லை. கடையை ரூஃபஸ் பார்த்துக்கொண்டான், மீன் கருகியது. மேடையில் எர்னெஸ்டினுக்கு எழுதிக்கொடுத்த வசனம் பாதியில் மறந்துவிட்டது. மறந்ததும் தன் பேச்சையே பேசினாள். சாப்பிட மறந்துடாதே என்றாள். பிள்ளைகளுக்கு உன் பாட்டைச் சொல்லிக்கொடுப்பேன் என்றாள். முரசுக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வின்ஃப்ரீ முன்கூட்டியே பெட்டிக்குள் போயிருந்தார். மூச்சுத் துளையில் காதை வைத்து எல்லாவற்றையும் கேட்டார். பிலடெல்பியாவில் அவர் எழுந்து நின்றபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. வெயில்தான் காரணம் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை தபால் பையோடு அவர் தெருவில் இறங்கியபோது யாரும் அவருடைய நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலுக்கு வாசல் கையைப் பிடித்து நிறுத்தி, "நீங்க சிஸ்டர் எர்னெஸ்டினோட வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டார்கள்.

"ஆமாமா, நான்தான்" என்று ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னதில், அன்றைக்குத் தபால் எல்லார் வீட்டுக்கும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.