ஏட்டையாவின் இருபத்தெட்டுக் கோடு

இது நடந்தது. நம்பாதவர்கள் என் நெஞ்சில் மெஷினை வைத்து எண்ணிக்கொள்ளலாம்.

ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரி. இதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்துப் படுத்திருந்தேன். டாக்டர் யுவராணி தினமும் நெஞ்சில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் பார்ப்பார். உள்ளே நீர் இருந்தால் திரையில் வெள்ளைக் கோடுகள் இறங்கும். கோடு குறைந்தால் வீட்டுக்குப் போகலாம். குறையாமல் போனால் சீக்கிரமே திரும்பி வர வேண்டியிருக்கும். அல்லது வர வேண்டியதே இருக்காது.

அன்று காலை எனக்கு மூன்றே கோடு. சாயங்காலம் வீட்டுக்கு என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஐயாதுரை. ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. அவருக்கு இருபத்தெட்டுக் கோடு. நான் எதையோ திருடிவிட்ட மாதிரி முறைத்தார். நான் இருமினால்கூட விசாரணைதான். நாலு சொல் திட்டுவதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கும், ஆனாலும் விடமாட்டார். மதியம் அவருடைய மகள் வேலுத்தாய் அவரை ஆம்புலன்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது.

பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். என்னுடையது ரசம் சாதம் செரிப்பதற்குள் வந்தது.

மணி இரண்டரை. வெளியே நல்ல வெயில். பக்கத்துக் கட்டில் கிரீச்... என்றது.

திரும்பினேன். ஐயாதுரை உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. நெஞ்செல்லாம் ஸ்கேன் ஜெல்... ஈரமாக.

“என்ன ஏட்டையா, அதுக்குள்ள வந்துட்டீய?”

“ஏலே, உனக்கு மூணு. எனக்கு இருபத்தெட்டு. மாத்திக்கிடுவமா?”

என் வாய் சும்மா இருந்ததா? “தாராளமா எடுத்துக்கிடுங்க” என்றேன்.

சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. இவ்வளவு பேசியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. நெஞ்சு அசையவே இல்லை...

என் நெஞ்சில் ஜில்லென்று எதுவோ பட்டது.

எந்தக் கையையும் காணோம்.

அழுத்தியது.

களக்... களக்...

உள்ளே.

நர்ஸ் ஓடி வந்தபோது பக்கத்துக் கட்டில் காலி. யுவராணி ஸ்கேன் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். இருபத்தெட்டு. வீட்டுக்குப் போவது நின்றது.

மறுநாள் மறந்துபோன பிளாஸ்க்கை எடுக்க வேலுத்தாய் வந்தாள்.

“அப்பா வழியிலேயே தவறிட்டாக. அங்க உயிர் இருக்கான்னு மெஷின் வச்சுப் பாத்தாக. மணி ரெண்டரை இருக்கும். நுரையீரல்ல மூணே கோடுதானாம். இது எப்படின்னு அந்த டாக்டருக்கே வெளங்கல.”

நான் பிளாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரமாகிறது. கோடு ஒன்றுகூடக் குறையவில்லை. நேற்றுப் பக்கத்துக் கட்டிலுக்குச் சேத்தூர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். இரண்டே கோடு.

இன்று மதியத்திலிருந்து எனக்கு மூச்சு வாங்குவதே இல்லை. நெஞ்சும் அசையவில்லை.

இனி அவரிடம் பேச்சுக் கொடுக்கலாம்.