அவர் இழுக்கும் கயிறு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஆறாம் வகுப்போடு நின்றவள். சிலது மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு, கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். செம்பனைத் தோட்டத்து ஓரம் அவர்கள் மாடு வளர்க்கிறார்கள். மாலை போடுமுன் மாட்டைக் குளிப்பாட்டி, காது மடலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைக் கையாலேயே பிடுங்கிப் போடுவோம். சிறுவயதிலிருந்து செய்கிற வேலை. அன்றும் செய்தேன்.

பிறகு கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்தேன். "டெங்கிதான்க்கா, வேற என்னா? பிளாட்டு முழுக்க அதான்லா" என்று பக்கத்து வீட்டுக்காரி பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தாள். கிளினிக்கில் டெங்கி இல்லை என்ற பிறகும் சாறு நிற்கவில்லை.

"கசப்புக்குப் பயந்தே எந்திரிச்சு ஓடிருவா பாரு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர். குரல் மெலிந்துபோனது. "இந்தாம்மா" என்று முனகினால் போதும், சமையலறையில் எனக்குக் கேட்டுவிடும்.

காதுக்குள் மழை கொட்டுவதுபோல் இரைச்சல் வந்தது. சிக்குப் பிடித்த என் தலையை வாரிய மகள், கொண்டைக்கு அடியில் கறுத்த பொருக்கைக் கண்டாள்.

"என்னம்மா இது, சிகரெட்டால சுட்ட மாதிரி?"

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் பொருக்கைப் பார்த்ததும் டாக்டர் மாட்டைப் பற்றிக் கேட்டாராம். உண்ணி கடித்து வந்த காய்ச்சலாம். மருந்தில் காய்ச்சல் விட்டது, காது திரும்பவில்லை. கருவி மாட்டினாலும் இரைச்சல்தான் பெரிதாகிறது.

வீடு திரும்பிய மறுநாள் நான் குழம்பு தாளித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், படுக்கை ஈரம். எவ்வளவு நேரம் கூப்பிட்டாரோ. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றே துணி காயப்போடும் கயிற்றை அவருடைய நல்ல கையிலும் என் இடுப்பிலும் கட்டினேன். "இந்தப் பொங்கலுக்கு மாடு நான்தான்" என்றேன். அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை.

இப்போதும் கயிற்றை இழுக்குமுன் அவர் வாய் அசைகிறது. கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

காய்ச்சலின் பெயர் எனக்குத் தெரியாது. மகள் இதைப் படித்துப் பிழையிருந்தால் திருத்த வேண்டும். அப்பா இன்னும் "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுகிறாரா என்பதையும் கேட்டுச் சொல்லம்மா.