மும்மணி ஆராதனையில் புட்டும் முட்டைக்கறியும்

எங்கள் சபையின் சரித்திரத்தில், பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு நடுவே கோயில் பெஞ்சில் உட்கார்ந்து புட்டும் முட்டைக்கறியும் தின்ற குடும்பம் எங்களுடையது மட்டும்தான். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு சிலர் இருந்தார்கள். அவர்கள் அன்றைக்குப் பட்டினியோடு நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா பதினொன்றாம் வகுப்பு. அப்பா மஸ்கட்டில் இருந்ததால், நாகர்கோவிலை ஒட்டிய எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் அம்மாவும் மட்டும்தான். அக்காவின் கதை அதற்கு முந்தின வருடத்து லெந்தில் தொடங்கியது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் அந்த நாற்பது நாளும் எங்கள் ஆட்கள் மீனும் இறைச்சியும் தொடமாட்டார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் அதுவே பெரிய தியாகம். அக்கா அதோடு காலைச் சாப்பாட்டையும் விட்டாள். பிறகு இரவுச் சாப்பாட்டையும் விட்டாள். ஈஸ்டர் வந்தது, ஊரெல்லாம் ஆட்டிறைச்சி மணத்தது, அக்காவுக்கு மட்டும் லெந்து முடியவில்லை.

யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. அப்பாவின் தங்கை, அதாவது எங்கள் மாமி, சபையில் பெண்கள் சங்கத்தின் செயலாளர். அவள் அக்காவைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, "இந்தப் பிள்ளைக்க வைராக்கியத்தப் பாருங்க" என்றாள். கடவுள் தனக்குத் தந்த பலத்தைப் பற்றிச் சபை முன்னால் சாட்சி வேறு சொல்ல வைத்தார்கள். மெலிந்து என்ன அழகாகிவிட்டாள் என்று ஆளாளுக்குக் கன்னத்தைத் தொட்டார்கள். அந்தக் கன்னத்தில் எலும்பு தட்டுப்பட்டதை யாரும் சொல்லவில்லை. அடுத்த மூச்சில் என் பக்கம் திரும்பி, "நீயும் அக்காளக் கண்டு படி, கேட்டியா?" என்பார்கள். நான் உருண்டையான பிள்ளை. இன்றும் உருண்டைதான். ஆட்சேபம் இருப்பவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

நான் அந்த வருடம் மேலும் உருண்டதற்குக் காரணம் எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். அம்மா சாயா எடுக்க அடுக்களைக்குள் போனதும், அக்காவின் தட்டில் இருப்பது என் தட்டுக்கு வந்துவிடும். "நீ எனக்க செல்லம்லா" என்று காதோரம் சொல்வாள். ஆறு வயது மூத்தவள் என்னை ஒரு ஆளாக மதித்தது அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும்தான். அதற்காக நான் கல்லைக்கூடத் தின்றிருப்பேன்.

அடுத்த லெந்து தொடங்கிய வாரம், பாடகர் குழு ஒத்திகையில் அக்கா மயங்கி விழுந்தாள். அம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். குடலில் கோளாறில்லை என்றார்கள், ரத்தசோகை என்றார்கள், சத்து மாத்திரை எழுதினார்கள். கடைசியில் ஒருவர் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த டாக்டரம்மா அக்காவிடம் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"இது பக்தியும் இல்லை, பிடிவாதமும் இல்லை. நோய். சாப்பாடுதான் இதுக்கு முதல் மருந்து. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு வேளையும் தப்பக் கூடாது. அழுவா, ஏசுவா. ஏசுறது நோய்னு நினைச்சுக்கங்க. வாதாடாதீங்க, பக்கத்துல உட்கார்ந்திருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது. இன்னும் மெலிஞ்சா உயிருக்கே ஆபத்து."

அன்று மாலையே அம்மா மாமி வீட்டுக்குப் போய், "இந்த வருசம் லெந்து எங்க வீட்டுக்குள்ள வரண்டாம்" என்று சொன்னாள். மாமி நெஞ்சில் கை வைத்தாள். "பைத்தியத்துக்குப் பாக்குத டாக்டரு சொன்னான்னு தெய்வ காரியத்த விடுவியளா மைனி?" என்றாள். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போயே தீரவேண்டும் என்று அக்கா நின்றாள். பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். அது முடிகிறவரை சபையில் யாரும் பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை. அக்காவுக்கு ஒண்ணரை மணிக்குச் சாப்பாடு. கோயிலுக்குள் வைத்து அம்மாவால் என்ன செய்ய முடியும் என்பது அக்காவின் கணக்கு. அம்மா சரி என்று சொல்லிவிட்டு, கைப்பைக்குள் அலாரம் டைம்பீஸையும் டிபன் டப்பாக்களையும் எடுத்து வைத்தாள்.

நான்காம் வார்த்தையின் பிரசங்கம் முடிந்து சபை மௌனமாக இருந்தபோது அலாரம் அடித்தது. அம்மா அதை அமுக்கிவிட்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு வருவோம் மக்கா." அக்கா முன் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு, "நான் வரமாட்டேன். வேணும்னா இங்க வச்சுத் தா, பாப்போம்" என்றாள்.

அம்மா உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

பட்டினி கிடக்கும் முந்நூறு பேருக்கு நடுவே முட்டைக்கறி எப்படி மணக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. எனக்குப் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. மாமி எழுந்து வந்தாள்.

"மைனி, இது கோயிலாக்கும்."

"கோயிலுதான். நோயாளிக்கு மருந்து குடுக்கியதுக்கு இங்க தடை உண்டுமா? உண்டும்னா சொல்லு, நான் போதகர்கிட்டயே கேக்கேன்."

அம்மா எழுந்து மாமிக்கு முகம் கொடுத்து நின்றாள். அந்த நேரத்தில்தான் அக்கா டப்பாவை என் மடியில் வைத்தாள். கண்ணால் கெஞ்சினாள். நான் தின்றேன். பாதி டப்பா காலியாகும்போது அம்மா திரும்பினாள். என் இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. ஒரு வருடமாக வீட்டுச் சாப்பாடு எங்கே போனது என்பது அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எத்தன நாளாட்டு மக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எப்பவும்" என்றேன்.

அம்மா ஏசவில்லை. என்னைத் தூக்கித் தன் மறுபக்கத்தில் உட்காரவைத்தாள். கொட்டினாலும் சிந்தினாலும் வேண்டும் என்று எப்போதும் இரட்டிப்பாகக் கட்டுவாள். அடுத்த டப்பாவை எடுத்து அக்கா முன் வைத்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ எனக்க அம்மையே இல்ல" என்றாள். "தின்னு மக்கா. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் அம்மா. மேடையில் போதகர் எங்களைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். சபை எழுந்து பாடியது. எல்லோரும் எழுந்து நிற்க நாங்கள் மூவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ஏழாம் வார்த்தை முடிவதற்குள், அழுதுகொண்டே, அக்கா கடைசித் துண்டு முட்டையை விழுங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமையில் போகிற நோயல்ல அது. நாலு வருடம் ஆனது. இடையில் இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசம். அக்கா இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறாள், மீன்குழம்பு கேட்டு அம்மாவுக்குப் போன் செய்கிறாள். எங்கள் சபைப் பெண்கள் இன்னும் மெலிந்த பிள்ளைகளின் கன்னத்தைத் தொட்டுப் புகழ்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. வாயாடி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணமும் இல்லை.

அன்று மூன்று மணிக்கு, கோயில் முற்றத்தில் எல்லோருக்கும் கஞ்சியும் பயறும் விளம்பினார்கள். அம்மா ஒரு கிண்ணம் வாங்கி வந்து என்னிடம் நீட்டினாள். நான் அதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தேன். அக்காவின் சாப்பாட்டையெல்லாம் தின்று அவளை நோயாளியாக்கியது நான்தான். இனி தின்பது பாவம்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

அம்மாவின் கை நடுங்கி, கஞ்சி அவள் வெள்ளைச் சேலையில் சிந்தியது. சபை முழுவதும் பார்க்க, என் முன்னால் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "நீ ஒரு தப்பும் செய்யல மக்கா. உனக்குள்ளத நீ தின்னு. அவளுக்குள்ளத அவ தின்னட்டு. இதக் குடி" என்றாள். மாமிக்கும் சபைக்கும் அசையாத அந்தக் குரல் இப்போது உடைந்து உடைந்து வந்தது. அம்மா கோபத்தில்தான் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடி விழுவதற்கு முன் கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.