எனக்கு ஒதுக்கப்பட்ட அணி

கத்தாரில் நடந்த உலகக் கோப்பையைப் பற்றி யாராவது, "என்ன போட்டிங்க, எத்தன அதிர்ச்சி!" என்று ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ஜெர்மனியை ஜப்பான் சாய்த்ததாம், பிரேசிலைக் குரோஷியா ஊருக்கு அனுப்பியதாம். எல்லாம் சரி. எனக்கு விழுந்த அடியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் பம்ப் மோட்டார் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்த காலத்திலிருந்தே அர்ஜென்டினா ரசிகன். அவர்கள் தோற்றபோதெல்லாம் இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்து வீட்டில் திட்டு வாங்கியவன். முதல் ஆட்டத்திலேயே சவுதி அரேபியா எங்களைத் தோற்கடித்த சாயங்காலம், கடை டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்த டீ ஆறிப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொண்டாமுத்தூர் தோட்டத்துக்காரர் வந்தார். இருபது வருஷ வாடிக்கை. என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறிய மனுஷன். தங்கமானவர், அதுதான் கொடுமை. கையில் மைசூர்பா டப்பா.

"பாய், இனிப்பு எடுத்துக்குங்க! உங்காளுங்க ஜெயிச்சுப்போட்டாங்கல்ல!"

"நான் அர்ஜென்டினாங்ணா. தோத்த வயித்தெரிச்சல்ல உக்காந்திருக்கறேன்."

"அட, எங்ககிட்ட எதுக்குங்க மறைக்கறீங்க?" என்று தோளைத் தட்டினார்.

எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. பாலக்காட்டைத் தாண்டிப் போனதில்லை. சவுதி எப்போது என் ஆளாயிற்று? எடுத்த மைசூர்பாவைக் கல்லாமேல் வைத்தேன். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு கொடுத்திருப்பேன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, சிரித்த முகத்தோடு நிற்கிறவரை என்னவென்று ஏசுவது?

வீட்டுக்குப் போனால் அங்கே மச்சினன். "அர்ஜென்டினா தோத்ததுக்கா மச்சான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? வெக்கமா இல்ல?" என்றான். அவனுக்கும் நான் சவுதிப் பக்கம் நின்றிருக்க வேண்டுமாம். போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று ரிமோட்டை விட்டெறிந்தேன்.

அப்புறம் மொராக்கோ கிளம்பியது. பெல்ஜியம், ஸ்பெயின் என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். என்ன தடுப்பாட்டம்! கால்பந்து தெரிந்த எவனுக்கும் பிடித்துவிடும், எனக்கும் பிடித்துவிட்டது. பிடித்ததுதான் வம்பு. போர்ச்சுகல் ஆட்டத்தை எதிர் டீக்கடையில் கூட்டத்தோடு பார்த்தேன். மொராக்கோக்காரன் ஒருவன் எகிறித் தலையால் முட்டிக் கோல் போட்டதும் கடையே கத்தியது. நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவன் மறுபடி காட்டிய கோலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். கைதட்டினால் "பாத்தியா" என்பான், தட்டாவிட்டால் நடிக்கிறேன் என்பான். பாவிகள், ஒரு நல்ல கோலுக்குச் சந்தோஷப்பட விடாமல் செய்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அரையிறுதியில் மொராக்கோ தோற்றது. மூன்றாம் இடமும் போயிற்று. மறுநாளே அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது. நான் அழுத அழுகையைப் பார்த்து வீட்டுக்காரி பயந்துபோனாள். காலையில் சீக்கிரமே கடை திறந்து உட்கார்ந்தேன். ஒருத்தராவது வந்து, ஜெயிச்சிட்டீங்களே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்றுதான்.

தோட்டத்துக்காரர் வந்தார், துக்கம் விசாரிக்க வந்த முகத்தோடு.

"மனச உட்றாதீங்க பாய். மூணாவது எடமாச்சும் கெடச்சிருக்கோணும். அடுத்தவாட்டி உங்காளுங்க தூக்கிப்போடுவாங்க."

"ஏனுங்ணா, நாந்தான் கப்பே ஜெயிச்சிருக்கறனே!" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரித்தார்.

"செரி, உங்க டீம் எதுங்ணா?" என்றேன்.

"நமக்கென்னங்க, எவன் நல்லா ஆடறானோ அவன்தான். மொதல்ல பிரேசிலு, நேத்து அர்ஜென்டினா. நடுவால மொராக்கோவுக்கு நான் தட்டாத கையா?"

"எனக்கும் அப்படித்தானுங்ணா. புடிச்ச டீமை நானாத்தான் எடுத்துக்கிட்டேன்."

"அட உடுங்க பாய், எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கண்ணடித்தார்.

அவர் வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வது வழக்கம். அன்றைக்குச் சொல்லவில்லை. நின்றபடியே கிணற்று மோட்டார்க் குழாய்க்கு ஃபுட்வால்வு கேட்டார். எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.