மிர்தோ கேட்காத பெயர்

திராசோன் பதினோரு வருஷம் கழித்து ஊர் திரும்பினான். போர்க்கப்பலில் கூடப் போன துடுப்புக்காரர்கள் சண்டை முடிந்த கையோடு வந்து, ஒலிவக் கன்று நட்டு, அது காய்க்கவும் பார்த்துவிட்டார்கள். இவன் கப்பல் புயலில் உடைந்தது உண்மை. பலகையைப் பிடித்து ஒரு தீவில் கரையேறியதும் உண்மை. ஆனால் அங்கே ஒரு விதவை வீட்டில் ஏழு வருஷம் வலை பின்னிக்கொண்டு சுகமாகக் கிடந்ததற்குக் கடல் பொறுப்பில்லை.

துடுப்பு போடுவதில் சூரன். வாய் அதைவிடச் சூரன். பேசும் சுறா, பொற்சங்கிலியால் கட்டிவைத்த அரசி என்று வரும் வழியெல்லாம் கதை கட்டி வைத்திருந்தான். கிழிந்த துணியும் தாடியுமாக அயலான் போலத் தன் வீட்டு வாசலில் நின்றான். அயலானுக்குக் கால் கழுவி, சோறு போட்ட பிறகுதான் பெயர் கேட்க வேண்டும். கேட்கும்வரை அவனும் சொல்லக் கூடாது. விருந்தாளிகளைக் காக்கும் கடவுள் சீயஸ் வகுத்த முறை. மனைவி மிர்தோ கேட்பாள், கதையை அவிழ்த்துவிடலாம், பிரமித்துப்போய்ப் புருஷனை மன்னித்துவிடுவாள். அதுதான் கணக்கு.

மிர்தோ கையில் வாற்கோதுமை மாவோடு வந்தாள். ஒரு நொடி பார்த்தாள்.

“உள்ள வாங்கய்யா.”

வெந்நீர் வைத்துக் கால் கழுவினாள். ரொட்டி, ஆட்டுப்பாலாடைக்கட்டி, தண்ணீர் கலந்த திராட்சை மது. சாப்பிட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

“அத்திப்பழம் இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?” என்றாள். பெயரைக் கேட்கவில்லை.

அன்று வெளிக்கூடத்தில் விருந்தாளிக்குரிய ஆட்டுத்தோலில் படுத்தான். மறுநாளும் கேட்கவில்லை. ஆடு மேய்க்கும் அவள் தம்பி ஸ்கோபாஸ் வந்து எட்டிப் பார்த்தான்.

“யாருக்கா இது?”

“விருந்தாளி.”

“பேரு?”

“சாப்பிட்டு முடிக்கட்டும்.”

“நேத்துலேருந்தா திங்கிறாரு?” ஸ்கோபாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திராசோன் பக்கம் திரும்பினான். “ஐயா, எனக்கும் ஒரு மச்சான் இருந்தாரு. அவரு வாயத் தொறந்தா கப்பல் மலையேறும். வர்ற வழியில எங்கயாச்சும் பாத்தீங்களா?”

திராசோனுக்குக் காது சுட்டது. இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவள் கேட்கவில்லை. பெயர் கேட்காதவரை அவன் இந்த வீட்டுக்கு விருந்தாளிதான். விருந்தாளி என்றைக்காவது கிளம்ப வேண்டும்.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு புதுக் கம்பளிப் போர்வையை மடித்து வைத்தாள். வழியனுப்பும்போது தரும் பரிசு. அதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சுறாவும் அரசியும் எங்கே போனார்களோ.

“என்னைய யாரும் கட்டி வைக்கலம்மா,” என்றான் தரையைப் பார்த்தபடி. “ஒரு வெதவ வீட்ல வலை பின்னிக்கிட்டு கெடந்தேன். கெளம்பணும்னு வருஷா வருஷம் நெனப்பேன். இம்புட்டு நாள் எங்கய்யா இருந்தேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். ஒவ்வொரு வருஷமாத் தள்ளத் தள்ள பொய்யும் பெருசாத் தேவைப்பட்டுச்சு.”

“சுறா பேசலயா?”

தூக்கிவாரிப் போட்டது. “அது எப்படி உனக்கு...”

“நேத்து கொட்டகையில ஆடுங்ககிட்ட சொல்லிப் பாத்தியே. தம்பி கேட்டுட்டு வந்து உருண்டு உருண்டு சிரிச்சான்.”

“இல்ல. சுறா பேசல.”

மிர்தோ எதிரில் உட்கார்ந்தாள். மேலாடை நுனியில் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அப்புறம், முறைப்படி, நிதானமாக:

“ஐயா, உங்க பேரு என்ன? அப்பா பேரு என்ன? எந்த ஊரு?”

மூன்று நாளாகக் காத்திருந்த கேள்வி.

“திராசோன்,” என்றான் கடைசியில். “லாம்போன் மகன். இந்த ஊருதான்.”

அவள் எழுந்து போர்வையை எடுத்துப் பெட்டிக்குள் திரும்பப் போட்டு மூடினாள்.

“அப்ப இது உனக்கு எதுக்கு? வீட்டு ஆளுக்கு யாரு பரிசு குடுப்பா? எந்திரி. கெணத்துல போயி தண்ணி எடுத்துட்டு வா.”

குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமாகப் போனான். கிணற்றடியில் ஸ்கோபாஸ் நாலைந்து பேரோடு காத்திருந்தான்.

“மச்சான், அந்தச் சுறா என்னதான்யா பேசுச்சு?”

திராசோன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு குடத்தை இறக்கி வைத்தான்.

மதியம்வரை வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை.