சத்தம் கூடிய நீரூற்று

பிரான்சில் எடுத்த படங்கள் என்னிடம் ஒரு கடித உறை நிறைய இருக்கின்றன. எல்லாம் நீரூற்றுகள். சிங்கத்தின் வாயால் தண்ணீர் கொட்டும் நீரூற்று, மீன்கள் துப்பும் நீரூற்று, பாசி மூடி நீரூற்றென்றே தெரியாத நீரூற்று. ஒவ்வொரு படத்திலும் நடுவில் பச்சைக் கம்பளிச்சட்டை போட்ட ஒரு அம்மா நிற்கிறார். அவருக்கு ஒரு பக்கம் நான். மற்றப் பக்கம், எனக்கென்று பேசி முடித்திருந்த பெண். அந்த அம்மா அவளுடைய சின்னம்மா. எங்கள் இருவரையும் தனியாக ஒரு படம் எடுக்க அவருக்கு ஏனோ தோன்றவில்லை. எனக்குக் கேட்க வெட்கம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ரொறொன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மெண்டில் வேறு மூன்று பெடியன்களோடு இருந்தேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்தில் இருந்த என் பெற்றோரும் அவளுடைய பெற்றோரும் சாதகம் பார்த்து, கடிதம் எழுதி எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். அவள் அதற்கு முன்பே பிரான்சுக்கு வந்து, தெற்கே ஒரு பழைய நகரத்தில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். அந்த நகரத்தின் பெயரை நான் உச்சரித்தால் அங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆகவே விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பேன். முதலில் சின்னம்மாவின் கணவர், அவளுடைய சித்தப்பா, வருவார், ரொறொன்ரோவில் குளிர் எப்படி என்று கேட்பார். பிறகு சின்னம்மா. பிறகு அவர்களுடைய பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஹலோ சொல்லுவார்கள். ரெலிபோன் கார்டில் காசு கரைந்து முடிகிற நேரத்தில் அவள் வருவாள். போன் இருந்தது நடு வீட்டில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

கலியாணத்தை ரொறொன்ரோவில் வைப்போமா என்று கேட்டேன். ஓம் என்றாள். தாலி கட்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் என்றேன். ஓம். பேஸ்மெண்ட் சரிவராது, தனியாக ஒரு அப்பார்ட்மெண்ட் எடுக்கப்போகிறேன் என்றேன். அதற்கும் ஓம். இப்படிச் சொன்ன சொல் கேட்கிற பெண் யாருக்குக் கிடைக்கும் என்று நான் பூரித்துப் போனேன். அப்பார்ட்மெண்ட் எடுத்தேன். சோபா வாங்கினேன், அதன் பிளாஸ்டிக் உறையை அவள் வந்துதான் கழற்ற வேண்டும் என்று அப்படியே விட்டேன். பிள்ளை பிறக்கமுன் பெயர் வைக்கிறாய் என்று கூட இருந்த பெடியன்கள் பகிடி பண்ணினார்கள். அவர்களுக்கு என்னைப் பார்த்து எரிச்சல் என்று நினைத்தேன்.

வெளிநாடு போய்வருவதற்கான பேப்பர்கள் கிடைத்ததும் அவளைப் பார்க்கப் போனேன். அது செப்டெம்பர் மாதம். தாலி கட்டாத மாப்பிள்ளை பெண் இருக்கும் வீட்டில் படுக்கக்கூடாது என்பது சின்னம்மாவின் சட்டம். என்னைச் சித்தப்பாவின் கூட்டாளி வீட்டில் விட்டார்கள். காலையில் நான் அங்கே போவேன், பெரிய மரியாதையோடு சாப்பாடு போடுவார்கள். அவள் கறியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் அவளே, அவருக்கு ஊரிலுள்ள நீரூற்றுகளைக் காட்டிக்கொண்டு வரட்டுமா என்று சின்னம்மாவைக் கேட்டாள். நானும் வாறன் என்று சின்னம்மா காலில் சப்பாத்தைப் போட்டார்.

அந்த நகரத்தில் சந்திக்குச் சந்தி ஒரு நீரூற்று. சந்தை கூடும் சதுக்கத்தில் ஒன்று, தேவாலயத்து வாசலில் ஒன்று, ஒருவருடைய வீட்டுச் சுவரோடு ஒட்டியபடி ஒன்று. குழாய் வருமுன் ஊருக்கே தண்ணீர் கொடுத்தவையாம். முதலாவது, மீன்கள் துப்பும் நீரூற்று. அமைதியான சின்ன இடம். தண்ணீர் நூலாக விழுந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாங்கோ போவம் என்றாள். அடுத்தது இன்னும் மெல்லிய நூல். அங்கேயும் நிற்கவில்லை. வழியில் போகிறவரிடம் கமெராவைக் கொடுத்து மூவருமாக ஒரு படம் எடுத்ததும் அவள் நடந்துவிடுவாள், நான் பின்னால் ஓடினேன். எனக்கு உள்ளே கோபம் ஏறத் தொடங்கியது. தண்ணீர் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன்? ரொறொன்ரோவில் கடல் மாதிரி ஒரு ஏரியே கிடக்கிறது.

பாசி மூடிய நீரூற்றில் தண்ணீர் இளஞ்சூடாக வந்தது. நிலத்துக்குக் கீழிருந்து அப்படியே வருகிறதாம். சின்னம்மா சந்தோசப்பட்டு, கைலேஞ்சியை நனைத்து முழங்காலில் வைத்துக்கொண்டு பக்கத்து வாங்கில் உட்கார்ந்தார். இனி இவர் எழும்பமாட்டார், இப்போதாவது கதைக்கலாம் என்று நினைத்து அவள் பக்கம் நகர்ந்தேன். அவளோ காதைக் கொடுத்து எதையோ அளப்பவள் போல நின்றாள். பிறகு, பெரியது ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்தால் முடிந்தது என்று சின்னம்மாவை எழுப்பினாள்.

பெரியது ஒரு அகன்ற வீதியின் முடிவில் இருந்தது. சுற்றிவரச் சிங்கங்கள், மேலே கல்லில் மூன்று பெண்கள். அத்தனை பக்கத்தாலும் தண்ணீர் கொட்டிய இரைச்சலில் வாகனச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சின்னம்மா நிழல் பார்த்து ஒரு வாங்கில் இருந்தார். அவள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்போரமாக நடந்து, சின்னம்மாவின் கண்ணுக்குத் தெரிகிற, காதுக்கு எட்டாத ஒரு இடத்தில் நின்றாள்.

"மற்றதுகளில சத்தம் போதாது, இஞ்சதான் காணும்," என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கமெராவைத் தூக்கினேன்.

"அதை வையுங்கோ. போனில நான் சொன்ன ஓம் எல்லாம் சின்னம்மாவுக்குச் சொன்னது. உங்களுக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் சின்னம்மாவைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டியபடியே எனக்குச் சொன்னாள். கனடாவுக்கு வர அவளுக்கு விருப்பமில்லை. என்னில் பிழை எதுவும் இல்லை, வேறு ஒருவரும் மனதில் இல்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் பாண் வாங்கப் போகவே பயந்தவள், இப்போதுதான் பாஷை பிடிபட்டு, ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கிறாள். எல்லாவற்றையும் இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க அவளால் ஏலாது.

"நீங்கள் இஞ்ச வருவியளெண்டால் எனக்கு முழுச் சம்மதம்," என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்தாள்.

எனக்கும் அதே கதைதான். பனியில் பஸ்ஸுக்கு நின்று, இங்கிலிஷ் வகுப்பில் கூனிக் குறுகி, நானும் இப்போதுதான் நிமிர்ந்திருந்தேன். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் வாயில் வந்திருக்கவேண்டிய சொல். அன்றைக்குத்தான் எனக்கு அவளை உண்மையாகவே பிடித்தது. ஓம் சொன்ன பெண்ணைவிட இந்தப் பெண்ணை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். திரும்பி வந்ததும், எல்லாம் பாத்தாச்சோ பிள்ளை என்று சின்னம்மா கேட்டார்.

"ஓம்," என்றாள். போனில் கேட்ட அதே குரல்.

ரொறொன்ரோவுக்குத் திரும்பி வந்து அந்த அப்பார்ட்மெண்டில் தனியே இருந்தேன். வேலை முடிந்து வந்து, பிளாஸ்டிக் உறையோடு சோபாவில் இருப்பேன். அசையும்போதெல்லாம் அது சரசரக்கும், வீட்டில் வேறு சத்தம் இல்லை. சில சனிக்கிழமைகளில் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள தடாகத்துக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு சனிக்கிழமை போனபோது தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். அடுத்த முறை அது பனிக்கட்டி. பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். ஒவ்வொரு நாளும் எனக்குள் ஒரு பதில் வந்தது. காலையில் பிரான்சுக்கே போகலாம் என்று இருக்கும், மாலையில் பஸ்ஸால் இறங்கும்போது முடியாது என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்தால் சித்தப்பா குளிரைப் பற்றித்தான் கேட்டார். அவள் வந்து சுகமா என்றாள். சுகம் என்றேன். நடு வீட்டில் வைத்து நான் என்னத்தைச் சொல்ல?

டிசெம்பரில் ஒரு நாள், வேலை நாளில், போன் அடித்தது. எடுத்தால் முதலில் இரைச்சல்தான் கேட்டது. லைன் சரியில்லை என்று வைக்கப் போனேன். பிறகு விளங்கியது, அது தண்ணீர். பெரிய நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு ரெலிபோன் கூண்டு இருந்தது, அங்கே எடுத்த ஒரு படத்தில்கூட அது விழுந்திருக்கிறது. அவள் அதற்குள் தனியாக நின்றாள்.

"நான் கேட்டதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள். "உங்களுக்கு வர ஏலாதெண்டால், இது சரிவராதெண்டு நானே சின்னம்மாவிட்டச் சொல்லட்டோ?"

சொல்ல வேண்டாம், கொஞ்சம் பொறும், நான் வாறன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாய் எனக்கு முன் ஓடியது.

"ஓம்," என்றேன்.

அவள் உடனே போனை வைக்கவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"உந்த ஓம் ஆருக்குச் சொன்னது?" என்று கேட்டாள்.

அவளுக்காவது ஒரு சின்னம்மா இருந்தார், என் வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை. போனைப் பிடித்தபடி சோபாவில் இருந்தேன், பிளாஸ்டிக் உறை சரசரத்தது.