வெள்ளையன் எழுதிய நான்கு வரி

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு போன் வந்தன. முதலாவது கொல்லிமலையிலிருந்து, வெள்ளையனின் மனைவி. “மொளகு காயப் போட்டுட்டு வந்து உக்காந்தாருங்கண்ணா. அப்படியே போயிட்டாரு.” இரண்டாவது நாங்கள் வேலை பார்த்த கல்லூரியின் முதல்வர், அன்றிருந்த அதே ஆள்தான். “வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். தத்துவ வாத்தியாராச்சே, வாழ்க்கை, துணிச்சல்னு அவரு சொன்ன பொன்மொழி நாலு அனுப்புங்க. பேனர்ல போடணும்.” பிணம் இன்னும் வீட்டைத் தாண்டவில்லை, அதற்குள் பேனர்.

வெள்ளையனை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கல்லூரியில் அவர் தத்துவமும் நான் இயற்பியலும் நடத்தினோம். விடுதிச் சோற்றில் புழு கிடக்கிறது என்று ஒரு மாணவி தட்டோடு முதல்வர் அறைக்கே போய் நின்றாள். சமையல் ஒப்பந்தம் முதல்வரின் மைத்துனருக்கு. ஒழுங்கீனம் என்று அவளை நீக்க விசாரணைக் குழு போட்டார்கள்: முதல்வர், வெள்ளையன், நான். முதல்வரும் நானும் கையெழுத்திட்டோம். வெள்ளையன் மட்டும் அறிக்கையின் அடியில் நான்கு வரி மறுப்பு எழுதினார். மாணவியை அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டே தத்துவத் துறையை மூடி, அவரைக் கல்லூரி பஸ்களுக்குப் பொறுப்பாக்கினார்கள். ஓய்வு பெறும்வரை வாசலில் நின்று பஸ் அனுப்பினார். முதல்வரின் கார் அவரைக் கடக்கும்போது மட்டும் நீளமாக ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை.

பிறகு ஒருமுறை கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் இருந்த அவர் தோட்டத்துக்குப் போனேன். ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கொத்தெல்லாம் பச்சையாக இருக்கிறதே என்றேன்.

“ஒரு மணி செவந்தாப் போதுங்க, கொத்தையே பறிச்சுடலாம். எல்லாம் செவக்கட்டும்னு காத்திருந்தா குருவிக்குத்தான். மனுசனும் அப்படித்தானுங்க. எல்லாரும் சேரட்டும், அப்புறம் பேசலாம்னா ஒரு காரியமும் ஆகாது.”

எனக்குச் சுருக்கென்றது. மகள் கல்யாணம், பதவி உயர்வு என்று என் காரணங்களை அடுக்கினேன். அவர் இறங்கி வந்தார். “பயந்தது தப்பில்லீங்க சார். எனக்கும் பயந்தான். ஆனா பயந்ததுக்கு நியாயம் பேசாதீங்க. அது உள்ளயே இருந்து உசுரைத் தின்னுடும்.” வீட்டுக்குள் போய் அந்த அறிக்கையின் நகலை எடுத்து வந்தார். தன் கையெழுத்துக்குக் கீழே விரலை வைத்து, “இன்னும் எடம் இருக்குதுங்க” என்றார். நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே மலையை விட்டு இறங்கிவிட்டேன்.

பழிவாங்குவது வெள்ளையனுக்குப் பிடிக்காது. “அவனையே நெனச்சுக்கிட்டிருந்தா அவன் ஊட்டுல நாம சம்பளமில்லாத ஆளுங்க” என்பார். அவருக்குச் சரி. எனக்கு அத்தனை பெரிய மனசு இல்லை. அந்த முதல்வரின் முகம் கூட்டத்தின் நடுவில் செத்துப்போவதை நான் பார்க்க வேண்டும்.

கேட்டபடி நான்கு பொன்மொழி அனுப்பிவிட்டேன், அறிக்கையின் அடியில் அவர் எழுதிய அதே நான்கு வரி. “மாணவி சொன்னது உண்மை. புழுவை நானும் பார்த்தேன். தண்டிக்கப்பட வேண்டியவர் சமையல் ஒப்பந்தக்காரர். இவளை நீக்க நான் உடன்படவில்லை.” பேனரில் போட மாட்டார் என்று தெரியும். அதனால் மேடையில் நானே படிப்பேன். அந்த மாணவியைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டேன். “மொத வரிசையில உக்காருவேனுங்க” என்றாள். நீங்களும் வாருங்கள்.

வெள்ளையன் எனக்கு விட்டுப்போனது அந்தத் தாள் ஒன்றுதான். நேற்று அவர் பெயருக்குக் கீழே கையெழுத்திட்டேன். பழைய தேதி போடவில்லை, நேற்றைய தேதிதான் போட்டேன். எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அந்த மாணவியும் பார்க்கட்டும்.